இருநூற்றைம்பதில் யாரும் இல்லை

ஐந்து மெஷின்கள் சிவப்பாகப் பிழை காட்டின. ஆறாவது காட்டவில்லை.

விடுமுறை நாள், காலை ஒன்பது மணி. ஆய்வகத்தில் அவளைத் தவிர ஈ காக்கா கூட இல்லை. உடம்பிலிருந்து வெட்டி எடுத்த கட்டிகளையும் துணுக்குகளையும் மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, சாயம் ஏற்றி, ஸ்கேனரில் வைத்துப் படமாக்கும் திசுப் பரிசோதனைக்கூடம் அது. படங்கள் போய்ச் சேரும் கணினிகளையும் அவற்றைப் பிணைக்கும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சதைக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்திருந்தால் சேர்ந்த முதல் நாளே ஓடியிருப்பாள். குளியலறையில் தண்ணீர் இறங்கும் ஜாலியில் சுருண்டு கிடக்கும் முடியைப் பார்த்துவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காத ரகம்.

"நீ பொறந்தப்பவே கையக் கழுவிட்டுத்தான்க்கா அழுதிருப்ப" என்பாள் தங்கை. வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

பழைய சேமிப்பு மெஷினை வெள்ளிக்கிழமை கழற்றியாகிவிட்டது. ஆறு ஸ்கேனர்களையும் புதியதோடு சேர்ப்பதற்காகத்தான் யாரும் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருந்தாள். சேர்க்கும்வரை ஆறும் சேமிப்பைக் காணோம் என்று ஒப்பாரி வைக்க வேண்டும். ஒன்று மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்கு எங்கோ ஒரு சேமிப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மவுண்ட் பண்ணுவது என்று அவள் தொழிலில் சொல்வது பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. உங்கள் மேஜையில் ஓர் இழுப்பறை இருக்கிறது. அதைத் திறந்தால் வேறெங்கோ இருக்கும் இன்னொரு மேஜையின் இழுப்பறை தெரியும்படி செய்வது, அவ்வளவுதான். உங்களுடையதில் முன்பு இருந்த சாமான்கள் அழியாது. மேலே வந்து உட்கார்ந்ததற்கு அடியில் மூடிக் கிடக்கும். இருப்பது தெரியாமல் யாராவது தேடி மண்டையை உடைத்துக்கொள்வார்கள் என்பதால், முதலில் இழுப்பறையைக் காலி செய்துவிட்டுத்தான் மவுண்ட் பண்ண வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லித் தரும் முதல் பாடம் அதுதான். காலியான இடத்தில் மட்டும்.

எந்த மேஜை என்று சொல்ல ஒரு விலாசம் வேண்டும். அந்த விலாசத்தில் யாரும் அகப்படாவிட்டால் எங்கே போவது என்று சொல்ல இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரியை வெறுமனே விட மென்பொருள் சம்மதிக்காது. புதிய சேமிப்பின் விலாசத்தையே அங்கேயும் போடச் சொன்னது கையேடு. அவளுக்கு அது பிடிக்கவில்லை. வழி தவறிய மெஷின் எல்லாம் நல்ல சேமிப்பில் வந்து குப்பை கொட்டும். பிறகு யார் அள்ளுவது? யாருமே இல்லாத விலாசமாகப் போட்டால், கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பிழை என்று கத்தும், நமக்கும் உடனே தெரிந்துவிடும். சுத்தமான யோசனை. இருநூற்றைம்பது என்று முடியும் விலாசம் எந்த மெஷினுக்கும் தரப்படவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. ஆறாவது மெஷினில் மட்டும் சோதனையாக அதை எழுதிவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது அந்த ஆறாவது மெஷின் இருநூற்றைம்பதோடு சேர்ந்திருந்தது.

மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வந்தது. எவ்வளவு நேரத்தில் வந்தது என்று காட்டும் இடத்தில் பூஜ்யம். அதே மேஜையில் இருக்கும் மெஷின்கூடப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கேட்பதற்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது அது.

சனிக்கிழமை அந்த மெஷினைப் பயன்படுத்தியது சாயக்கா. சில்லுகளுக்குச் சாயம் ஏற்றுகிற மூத்த டெக்னீஷியன் அவர்; உள்ளங்கை எந்நேரமும் ஊதாவாக இருக்கும், கூடமே அப்படித்தான் கூப்பிடும். சனிக்கிழமை அவர் ஸ்கேன் செய்தது ஒரே ஒரு சில்லு. அதையும் அவள் கேட்டுக்கொண்டதற்காகச் செய்தார்.

தங்கையின் சில்லு. கழுத்தின் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வியாழக்கிழமை அதிலிருந்து துளி எடுத்து இரண்டு தையல் போட்டார்கள். இருபத்தாறு வயதாகியும் வீட்டில் வாண்டு என்றே பெயர் வாங்கிய தங்கை, ஊசி போடும்போது சின்ன வயதில் சாலையைக் கடக்கையில் பிடிப்பதுபோல அக்காவின் சுண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். முழுக் கையைப் பிடித்தால் பயந்துவிட்டதாக அர்த்தமாம். அவர்கள் இருவருக்கும் வேறு யாரும் கிடையாது. வெளியூர் போயிருக்கும் பெரிய டாக்டர் அங்கிருந்தே இன்று மதியத்துக்குள் படத்தைப் பார்த்துச் சொல்வார். கெட்ட கட்டி என்றால் நாளைக் காலை ஏழு மணிக்கு அறுவை. அந்தப் படம்தான் இருநூற்றைம்பதுக்குள் போயிருந்தது.

நாற்றம் அப்போதுதான் உறைத்தது.

குளிர்ந்த அறைகளில் இருக்கும் பிளாஸ்டிக் வாசனைக்கும் சாயத்தின் காரமான நெடிக்கும் அடியில், வாரக்கணக்கில் ஊறிய பாத்திரத் துணியும் தலையணை உறையில் படிந்த எண்ணெய்ச் சிக்கும் சேர்ந்தாற்போல ஒரு வாடை, இளஞ்சூடாக, யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல, சாயமேற்றும் மெஷின் இருந்த மூலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தாள். மெஷினுக்கு அடியில் கழிவு இறங்கும் இருபது லிட்டர் கேன், கழுத்துவரை நிறைந்திருந்தது.

சாயக்காவுக்குப் போன் போட்டாள்.

"கேனைக் காலி பண்ணாம போயிட்டீங்களாக்கா?"

"நானா? ஏம்மா, சனிக்கிழமையே கழுவிக் கவுத்து வெச்சிட்டுல்ல வந்தேன். மெஷின் பிளக்கைக்கூடப் பிடுங்கிட்டேன்."

பிளக் பிடுங்கித்தான் கிடந்தது. அப்படியும் குழாயிலிருந்து ஒரு சொட்டு, நிதானமாக, நூல் விட்டுக்கொண்டு விழுந்தது.

உள்ளே இருந்தது சாயம் இல்லை. பழைய கஞ்சியின் அடர்த்தியில், இளஞ்சிவப்பாக, மேலே ஆடை கட்டியிருந்தது. கேனை நகர்த்தியபோது அந்த ஆடை சுருங்கி மறுபடி விரிந்தது. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வேறு யாராவது என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையோடு இருந்த கழுவுதொட்டிவரை அதை இழுத்துச் சென்று சாய்த்தாள். களக் களக்கென்று கட்டி கட்டியாக இறங்கியது. கடைசியில் ஒரு முடிக் கற்றை ஜாலியில் சிக்கிக்கொண்டது. அதைக் குச்சியால் உள்ளே குத்தித் தள்ளும்போது நிஜமாகவே வாந்தி எடுத்தாள். பிளீச்சை ஊற்றி, வெந்நீர் விட்டு, தொட்டியை இரண்டு தரம் தேய்த்தாள். வெள்ளை வெளேர் என்றானது. சுத்தமாகிவிட்டதில் ஒரு நிம்மதிகூட வந்தது. குழாய்க்கு அடியில் வேறொரு கேனை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. வாண்டு.

"அக்கா, நம்ம வெயிட் மிஷின் போச்சு. முப்பத்திரண்டு காட்டுது."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் ஐம்பத்திரண்டு என்று எழுதினார்கள். "பேட்டரி தீர்ந்திருக்கும்டி. சாப்டியா?"

"பசிக்கவே இல்லக்கா. வயிறு லேசா, காலியா, ரொம்ப சுகமா இருக்கு. உடம்பே இல்லாத மாதிரி. இன்னொண்ணு, தையல் உதிர்ந்துடுச்சு போல. தடவிப் பாத்தா மொழுமொழுன்னு இருக்கு."

"தொடாத. கையக் கழுவினியா முதல்ல?"

தங்கை சிரித்தாள். சிரிப்புக்குப் பின்னால் ஒரு சலசலப்பு, பாதி நிரம்பிய தண்ணீர்ப் பையைத் தூக்கினாற்போல.

அவள் இருநூற்றைம்பதின் கோப்புறையைத் திறந்தாள். ஒரு சில்லுக்கு ஒரு படம்தான் இருக்க வேண்டும். இங்கே தங்கையின் மாதிரி எண்ணைப் போட்டு, அதன் பின்னால் வரிசை எண்ணோடு ஆயிரக்கணக்கில் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை ஏறியது. நாற்பத்தோராயிரம். நாற்பத்திரண்டாயிரம். சாயக்கா ஒரே ஒரு சில்லைத்தான் வைத்தார். வேறு எதை வைத்து, யார் எடுக்கிறார்கள்?

ஒன்றைத் திறந்தாள். ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயமேற்றிய வழக்கமான படமாக இல்லை. ஈரமாக, பச்சையாக, உயிரோடு இருக்கும் தோல். ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு பளபளப்பு. தள்ளிப் பார்த்தாள். ஒரு மணிக்கட்டு. அதில் முக்கோணமாக ஒரு தழும்பு. அவளுக்குப் பன்னிரண்டு வயதில், தங்கை ஓடி வந்து இடித்ததில், அவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி தங்கைக்குப் பட்ட தழும்பு. உலகத்தில் அந்தத் தழும்பு ஒருத்திக்குத்தான் உண்டு.

அடுத்த படத்தைத் திறந்தாள். அதே மணிக்கட்டு, தழும்பில் பாதி. அதற்கடுத்ததில் தழும்பே இல்லை. துவாரங்கள்கூட இல்லை. மாவைத் தேய்த்து வைத்தாற்போல வழவழவென்று ஒரு தோல். அவளுக்கு அதைப் பார்க்கத் தழும்பைவிட அருவருப்பாக இருந்தது.

பின்னால் குழாய் சொட்டுவது நின்று, ஒழுகத் தொடங்கியது.

திரும்பிப் பார்க்க மனமில்லாமல் இருந்தாள். ஒழுகும் சத்தத்தில் ஒரு லயம் இருந்தது. விட்டு விட்டு. நாடி அடிப்பதுபோல. இரண்டாவது கேன் நிறையும் தறுவாயில் உள்ளே ஏதோ கடினமானது விழுந்து, பிளாஸ்டிக் சுவரில் ணங்கென்று மோதியது.

புதிய கையுறை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். மேலே மிதந்த ஆடையில் ஒரு பல் பதிந்திருந்தது. கடைவாய்ப் பல். வெள்ளி நிறத்தில் மூடி போட்ட பல். போன வருஷம் வலி தாங்காமல் அழுத வாண்டுவை அவள்தான் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அந்த மூடியைப் போட வைத்தாள்.

போனை எடுத்தாள். விரல் வழுக்கியது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி போட்டாள்.

"வாண்டு. வாயைத் திறந்து கண்ணாடியில பாரு. பல்லு இருக்கா?"

"எல்லாம் இருக்கே. வெள்ளையா, வரிசையா. ஏன்?"

"வெள்ளி மூடி போட்டது?"

"மூடியா?" விரல் பல்லில் உரசும் சத்தம் கேட்டது. "எல்லாம் வெள்ளையாதான் இருக்கு. மிஷின் பன்னெண்டு காட்டுது. நான் அங்க வரேன்."

"வேணாம். அசையாம வீட்லயே உக்காரு. கேக்குதா?"

"கிளம்பிட்டேன். நடக்கறதே தெரியல. காத்துல போற மாதிரி இருக்கு."

அக்கா என்று தங்கை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. 'அக்கா' என்று சேர்க்காமல் வாண்டு பேச்சை முடித்ததே கிடையாது.

அடுத்த நொடியே போன் மறுபடி அடித்தது. பெரிய டாக்டர்.

"படம் பாத்தேன்மா. கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஆபரேஷன் வேணாம். தங்கச்சிகிட்ட சந்தோஷமா சொல்லு." அவர் தயங்கினார். "ஒண்ணு மட்டும் புரியலம்மா. முப்பது வருஷமா சதையப் பாக்கறேன். இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல. வயசே ஆகாத தோலு. இத யாரோட ஒடம்புலேர்ந்து எடுத்தீங்க?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். இணைப்பைத் துண்டித்தாள்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்படியே விட்டுவிடலாமா என்று தோன்றியது. கட்டி இல்லை. தழும்பு இல்லை. கெட்டதெல்லாம் கேனில் போய்விட்டது. சுத்தமான தங்கை ஒருத்தி நடந்து வந்துகொண்டிருக்கிறாள். அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மேலே வந்து உட்கார்ந்ததை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது இருந்தபடியே திரும்ப வரும். கட்டியோடு, தழும்போடு, வெள்ளி மூடியோடு. ஆயிரம் தரம் செய்த வேலை. இருநூற்றைம்பதைக் கழற்றச் சொல்லி உத்தரவு கொடுத்தாள்.

முடியாது என்றது திரை. அந்த இடம் பயன்பாட்டில் இருக்கிறது.

மறுபடி கொடுத்தாள். பயன்பாட்டில் இருக்கிறது.

யார் பயன்படுத்துவது என்று கேட்டாள். தங்கையின் மாதிரி எண். வேறு ஒன்றும் இல்லை.

கண்ணாடிக் கதவைத் தட்டும் சத்தம்.

வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிஷம் ஆகும். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. கதவுக்கு வெளியே வாண்டு நின்றாள். மஞ்சள் சட்டை. வீட்டுச் செருப்பு. கழுத்தில் கட்டு இல்லை, தையல் இல்லை, கோடுகூட இல்லை. வெயிலில் வந்தவளின் முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. சிரித்தாள். கன்னத்தில் விழ வேண்டிய மடிப்பு விழவில்லை.

"திற" என்றாள். "கையெல்லாம் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன்."

உள்ளங்கைகளைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். ரேகை இல்லை. இரண்டு கையிலும் ஒரு ரேகை இல்லை. கையை எடுத்த பிறகு கண்ணாடியில் ஆவி படியவில்லை, தடம் இல்லை.

அவள் கதவைத் திறக்கவில்லை. "வாண்டு, நான் பொறந்தப்ப என்ன பண்ணியிருப்பேன்னு சொல்லுவ?"

"அழுதிருப்ப."

"அதுக்கு முன்னாடி?"

வழவழப்பான முகம் யோசித்தது. யோசிக்கும்போது நெற்றி சுருங்கவில்லை. "பிறப்பதற்கு முன் ஒன்றும் இருக்காதே" என்றது, புத்தகத்தில் இருப்பதை வாசிப்பதுபோல.

அவள் மேஜைக்கு ஓடினாள். வலுக்கட்டாயமாகக் கழற்ற ஒரு வழி உண்டு. எழுதி முடியாதது எல்லாம் போய்விடும் என்று எச்சரிப்பார்கள். அவளே எத்தனையோ பேரை எச்சரித்திருக்கிறாள். போகட்டும். அந்த வழவழப்பு போகட்டும். அடியில் இருப்பவள் வந்தால் போதும். தட்டினாள்.

ஒரு விநாடி. ஆறாவது மெஷின் சிவப்பாகப் பிழை காட்டியது.

கதவுக்கு வெளியே மஞ்சள் சட்டை தரையில் விழுந்தது. சட்டை மட்டும். அதன் அடியில் செருப்புகள் மெதுவாகச் சாய்ந்தன.

அடியில் யாரும் இல்லை.

அவள் நின்றாள். அசையவில்லை. அப்போதுதான் அந்த விதி நினைவுக்கு வந்தது. அவளுடைய விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லித் தரும் முதல் பாடம். காலியான இடத்தில் மட்டும். முதலில் காலி செய்துவிட்டு. இருநூற்றைம்பதில் இருந்தது எதுவோ, அது அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்திருந்தது.

மூலையில் ஒழுகல் நின்றிருந்தது.

குழாய்க்கு அடியில் மறுபடி எப்போது கேனை மாற்றினாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஆனால் அங்கே இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்று விளிம்புவரை, மற்றது பாதிக்குமேல் நிறைந்து. இரண்டின் மேலும் ஆடை. ஆடை விம்மியது. தணிந்தது. விம்மியது. நாற்றம் கண்ணைக் கரித்தது.

"அக்கா."

சத்தம் நீருக்கு அடியிலிருந்து குமிழியாக வந்து உடைந்தது.

"அக்கா. அக்கா. இருட்டா இருக்குக்கா."

அவளுக்குக் குமட்டியது. அழுகை வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தன. தரையில் மண்டியிட்டாள். கையுறை தேடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக. வெறும் கையை ஆடையைக் கிழித்துக்கொண்டு உள்ளே விட்டாள். வெதுவெதுப்பு. கொழகொழப்பு. முழங்கைவரை. நகத்துக்கு அடியில் எது எதுவோ நுழைந்தது. ஏதோ நரம்பாக விரலில் சுற்றியது. ஏதோ மெத்தென்று நசுங்கி விலகியது. பல்லைக் கடித்துக்கொண்டு துழாவினாள்.

"இங்கதான் இருக்கேன். அக்கா இங்கதான் இருக்கேன்டி. பிடிச்சுக்கோ."

அடியில் ஒன்று அவள் கையைத் தொட்டது. தடவித் தடவிப் பார்த்தது. மற்ற விரல்களை எல்லாம் விட்டுவிட்டு, சுண்டு விரலை மட்டும் தேடிக் கண்டுபிடித்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

இரண்டு கேன்களிலும் ஒரே நேரத்தில் குமிழி வந்தது. ஒரே குரல். ஆனால் முழுசாக இல்லை, நடுநடுவே ஓட்டை விழுந்த குரல்.

"அக்கா, மீதி எங்கக்கா?"

அவள் கழுவுதொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் பிளீச் ஊற்றி இரண்டு தரம் தேய்த்தது. வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஜாலியில் மட்டும் ஒரே ஒரு முடி, நீளமாக, ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது.